ஸ்பெயினில் குடிக்க ஏதாவது கேட்பது: ஆங்கிலமா, கைப்பேசியா, நாலு ஸ்பானியச் சொற்களா?

ஸ்பெயினில் ஒரு பாருக்குள் போய் "ஒரு பீர்" என்று கேட்டால் உடனே பீர் வந்துவிடாது. முதலில் ஒரு கேள்வி வரும். குழாயில் பிடிப்பதா, பாட்டிலா? சின்னதா, பெரியதா? காபி கேட்டாலும் அப்படித்தான்: பால் சூடாகவா, வெதுவெதுப்பாகவா, குளிர்ந்தா? வெறும் தண்ணீருக்குக்கூட இரண்டு கேள்வி உண்டு. வாயு சேர்த்ததா சேர்க்காததா, ஃப்ரிட்ஜில் வைத்ததா வெளியே வைத்ததா? கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் இதையெல்லாம் ஒரே மூச்சில், காபி மெஷின் இரைச்சலுக்கு நடுவே, கை வேலையை நிறுத்தாமல் கேட்பார். முதல் வாக்கியத்தை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள்கூட இந்த இரண்டாவது கட்டத்தில்தான் திணறுகிறார்கள்.

அதனால் எந்த வழியில் கேட்பது நல்லது என்று ஒப்பிடும்போது நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன். எதிர்க்கேள்வி வரும்போது அந்த வழி கைகொடுக்குமா, கைவிடுமா? பயணத்துக்கு முன்னால் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் எதைப் படிப்பது என்பதும் இதைப் பொறுத்ததுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாக்கியங்களை விட்டுவிட்டு, பானங்களின் பெயர்களைப் படியுங்கள். "பீர்", "காபி" என்ற பொதுப் பெயர்கள் போதாது. அளவும் வகையும் சேர்ந்த சரியான பெயர் வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்பெயினில் பார் என்றால் நம் ஊரில் நினைப்பது போன்ற இடம் இல்லை. காலையில் பாட்டிமார் காபியும் ரொட்டியும் சாப்பிடுவது அங்கேதான். மாலையில் அப்பா அம்மாவோடு குழந்தைகள் வந்து ஜூஸ் குடிப்பதும் அங்கேதான். மது தொடாதவர்களும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை நுழைய வேண்டியிருக்கும். ஆகவே இது குடிக்கிறவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. சொல்லப்போனால், குடிக்காதவர்களுக்குத்தான் சரியான பெயர் இன்னும் முக்கியம்.

ஆங்கிலம், கைப்பேசி, விரல்

ஆங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். பார்சிலோனா, மாட்ரிட் நகரத்தின் மையம், மாலகா பக்கத்துக் கடற்கரை ஊர்கள், மயோர்க்கா தீவு ஆகிய இடங்களில் ஆங்கிலத்திலேயே சமாளித்துவிடலாம். ஆனால் ஆங்கிலத்தில் கேட்கிறவருக்குப் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிக்கான பதில்தான் கிடைக்கும். பீர் என்றால் அரை லிட்டர் ஜாடி. ஒயின் கலந்த பானம் என்றால் சங்க்ரியா. பார்சிலோனாவின் ராம்ப்ளா தெருவில் முகம் மறைக்கும் அளவுக் கோப்பைகளோடு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படிக் கேட்டவர்கள்தான். விலையும் கோப்பையின் அளவுக்குத் தகுந்தபடி இருக்கும். கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போய்விட்டால், எக்ஸ்த்ரெமதூரா, காஸ்தீயா பக்கத்துச் சிற்றூர்களில் நடுத்தர வயதைத் தாண்டிய பார்க்காரருக்கு ஆங்கிலம் அவ்வளவாகக் கைவராது. அவர் பொறுமையாகத்தான் இருப்பார். நமக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

கைப்பேசி மொழிபெயர்ப்பு வேறு மாதிரி. மேசையில் உட்கார்ந்து மெனுவைக் கேமராவில் காட்டிப் படிக்க அது அருமையான கருவி. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல வழியே கிடையாது: "எனக்கு வேர்க்கடலை ஆகாது, பால் ஆகாது" என்பதை ஸ்பானிய எழுத்தில் முன்பே எடுத்து வைத்துக்கொண்டு காட்டிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லும் கடமை கடைக்கு இருக்கிறது. ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் கவுன்டரில் இது எடுபடாது. நாம் தட்டச்சு செய்து நீட்ட வேண்டும். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து படிக்க வேண்டும். அவர் திருப்பிக் கேட்பதைக் கைப்பேசி பிடிக்க வேண்டும். அதுவோ பின்னால் ஓடும் கால்பந்து வர்ணனையையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதற்குள் நமக்குப் பின்னால் வந்த மூன்று பேர் வாங்கிக் குடித்துவிட்டே போயிருப்பார்கள்.

விரலால் காட்டுவதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடக்கே சான் செபஸ்தியான் நகரத்தில் பின்ச்சோ எனப்படும் சிறுதீனிகளைக் கவுன்டர் முழுக்கத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கே உள்ளூர்க்காரர்களே கையைத்தான் நீட்டுகிறார்கள். தின்பண்டத்துக்கு விரல் போதும். பானத்துக்குத்தான் ஆபத்து. பக்கத்தில் இருப்பவர் கறுப்பாக, ஐஸும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு ஏதோ குடிக்கிறார், கோலா போலிருக்கிறது என்று காட்டினால் வருவது வெர்முத், அதாவது மூலிகை ஊறிய ஒயின். பாஸ்க் பகுதியில் கலிமோச்சோ என்று ஒன்று உண்டு. பார்த்தால் அச்சு அசல் கோலா. பாதி கோலாதான், மீதிப் பாதி சிவப்பு ஒயின். மது தொடாதவர்களோ குழந்தைகளுக்கு வாங்குபவர்களோ விரலை நம்பக் கூடாது.

முழு வாக்கியமா, வெறும் பெயரா?

சரி, ஸ்பானியத்தில்தான் கேட்பது என்று முடிவு செய்துவிட்டோம். அதிலும் இரண்டு வழி. மொழிக் கையேடுகளும் செயலிகளும் முழு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கின்றன. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு சிக்கல்: இலக்கணம் பிசகாத ஒரு நீள வாக்கியத்தைச் சொன்னதும் எதிரே இருப்பவர் நமக்கு மொழி தெரியும் என்று நம்பிவிடுகிறார். பதிலும் அதே வேகத்தில், ஊர்ப்பேச்சில், பாதிச் சொற்களை விழுங்கிக்கொண்டு வருகிறது. ஆந்தலூசியா பக்கம் சொற்களின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலி காதிலேயே விழாது. நாம் வகையாக மாட்டிக்கொள்வோம்.

வெறும் பெயரும் "போர் ஃபவோர்" என்ற தயவுச் சொல்லும் மட்டும் சொன்னால் அந்த ஏமாற்றம் இல்லை. "உனா கான்யா, போர் ஃபவோர்." முடிந்தது. கான்யா என்றாலே குழாயில் பிடித்த சின்னக் கோப்பை பீர். ஆகவே பாட்டிலா குழாயா, சின்னதா பெரியதா என்ற இரண்டு கேள்விக்கும் இடமில்லாமல் போய்விட்டது. எதிர்க்கேள்வியைப் புரிந்துகொள்ளப் பயிற்சி எடுப்பதைவிட, அந்தக் கேள்வியே எழாதபடி கேட்பது எளிது. வாக்கியத்தைவிடப் பெயருக்கு நான் முதலிடம் கொடுக்கக் காரணம் இதுதான்.

இது மரியாதைக் குறைவாகப் படுமோ என்று தமிழ் ஆள்களுக்கு ஒரு தயக்கம் வரும். படாது. உள்ளே நுழைந்ததும் "புவெனாஸ்" என்று ஒரு வணக்கம், பானத்தின் பெயர், போர் ஃபவோர்: ஸ்பெயின்காரர்களே பாதி நேரம் இவ்வளவுதான் பேசுகிறார்கள். கூட்டம் அதிகமாக இருந்தால் "குவாந்தோ புவேதாஸ்" என்று சேர்த்துக்கொள்ளலாம். முடிகிறபோது கொடுங்கள் போதும், அவசரமில்லை என்பது அதன் கருத்து. இந்த ஒரு தொடருக்குப் பார்க்காரரின் முகம் மலர்வதை நீங்களே பார்க்கலாம்.

முன்னால் ஒரு வினைச்சொல்லையும் சேர்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மூன்று நான்கு தேர்வுகள் உண்டு. "கியேரோ" என்றால் வேண்டும் என்று பொருள். தவறில்லை, கொஞ்சம் வெட்டென்று இருக்கும். "கிசியேரா" பணிவானது. பழைய கையேடுகளுக்குப் பிடித்த சொல், ஆனால் பக்கத்து ஸ்டூலில் இருப்பவர் அதைச் சொல்லிக் கேட்பது அபூர்வம். "புவேதோ தெனேர்" என்று ஆங்கில வழியில் படித்தவர்கள் கேட்பதுண்டு. அது ஆங்கிலத்தை அப்படியே ஸ்பானியத்தில் போட்டது, விட்டுவிடலாம். ஸ்பெயினில் நிஜமாகவே புழங்குவது "மெ போனெ". நம் டீக்கடையில் "ஒரு டீ போடுங்க" என்கிறோமே, அந்தப் போடுதல்தான் இது. "மெ போனெ உன் கோர்தாதோ?" என்றால் ஒரு கோர்தாதோ, அதாவது கொஞ்சம் பால் விட்ட சின்னக் காபி, போடுங்கள். நீங்கள், நீ என்ற வித்தியாசமும் நம்மைப் போலவே அவர்களுக்கு உண்டு. "மெ போனெ" மரியாதை, "மெ போனெஸ்" சரிசமப் பேச்சு. இளம் பணியாளர்களிடம் இரண்டாவது வடிவத்தைத்தான் ஊரே பயன்படுத்துகிறது. வயதானவரிடம் முதல் வடிவத்தைச் சொல்லிவிட்டால் யாருக்கும் குறையில்லை.

உச்சரிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஸ்பானியத்தில் நம் 'ட' கிடையாது, எல்லாம் 'த' தான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பாடுபட்டுப் பழக வேண்டிய அந்தப் பல்லொலி நமக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. சிவப்பு ஒயினைக் குறிக்கும் தின்தோ என்பதைத் தின்தோ என்றே சொல்லுங்கள், ஆங்கில வாசனையோடு டின்டோ ஆக்கிவிடாதீர்கள். கான்யாவின் நடுவில் இருப்பது நம் 'ஞ' ஒலிதான். நாக்கை அதிரவைத்துச் சொல்லும் 'ர்ர'வும் நமக்குச் சிரமமில்லை.

எந்தப் பெயர்களைப் படிப்பது?

பீரிலிருந்து ஆரம்பிக்கலாம், அதில்தான் பெயர்கள் அதிகம். கான்யா ஏறக்குறைய 200 மில்லி. அதைவிடப் பெரியது வேண்டுமானால் மாட்ரிட்டில் தோப்லெ. உயரமான ஒல்லிக் கண்ணாடியில் வருவது தூபோ. கைப்பிடி வைத்த பெரிய கோப்பை ஹார்ரா. பாட்டிலில் 33 சென்டிலிட்டர் என்றால் தெர்சியோ, 20 என்றால் மாட்ரிட்டில் போத்தெயின், பார்சிலோனாவில் கின்தோ. அதே 33 சென்டிலிட்டர் பாட்டிலுக்கு பார்சிலோனாவில் மெதியானா என்று பெயர். பாஸ்க் பகுதியில் கான்யா என்று கேட்டால் கொஞ்சம் பெரிய கோப்பையே வரும். அங்கே நாலு வாய் குடிக்கிற அளவுக்கு சுரீத்தோ என்று கேட்க வேண்டும்.

இத்தனையையும் படிக்க வேண்டாம். கான்யாவையும் தெர்சியோவையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கான்யாவே போதும் என்பேன், காரணம் இருக்கிறது. வெயில் ஊரில் பெரிய கோப்பையின் கடைசிப் பகுதி சூடாகிச் சப்பென்று போய்விடும். சின்னதைக் குடித்துவிட்டு அடுத்த பாருக்கு நடந்துவிடுவதுதான் அந்த ஊர்ப் பழக்கம். மாட்ரிட்டில் நல்ல பார்க்காரர் கான்யா பிடிப்பதை நின்று பார்க்க வேண்டும். கண்ணாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கீழிருந்து பீய்ச்சும் குளிர்ந்த நீரில் அலசுவார். அந்த ஈரத்தோடே குழாயின் கீழ்ச் சாய்த்துப் பிடிப்பார். பாதிக்கு மேல் நிரம்பியதும் நிமிர்த்தி, கொஞ்சம் பொறுத்து, கடைசியில் இரண்டு விரல் கனத்துக்கு நுரையைத் தனியாக மேலே ஏற்றுவார். நுரையைப் பார்த்துவிட்டு அளவில் ஏமாற்றுகிறார் என்று நினைக்கக் கூடாது. வாயு வெளியேறாமல் மூடி வைப்பது அந்த நுரைதான். எந்த பிராண்ட் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. குழாயில் பெரும்பாலும் அந்தப் பகுதியின் பீர்தான் இருக்கும்: மாட்ரிட்டில் மாவ், செவீயாவில் க்ரூஸ்காம்போ, கிரனாடாவில் அல்ஹாம்ப்ரா.

அஸ்தூரியாஸ் பக்கம் போனால் ஒரு எச்சரிக்கை. அங்கே ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சீத்ரா பிரபலம். சீத்ரா விற்கும் கடையில் "உனா சீத்ரா" என்றால் கோப்பை வராது, முழு பாட்டில் வரும். பணியாளர் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பளவில் சாய்த்துப் பிடித்த கண்ணாடியில் ஊற்றுவார். அடியில் இரண்டு விரல் அளவுதான் விழும். உடனே குடித்துவிட வேண்டும். இரண்டு பேராவது இல்லாமல் கேட்காதீர்கள்.

ஒயினில் தேர்வு எளிது. சங்க்ரியாவா, தின்தோ தெ வெரானோவா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. சிவப்பு ஒயினில் எலுமிச்சை சோடாவோ இனிப்பு சோடாவோ கலந்து ஐஸ் போட்ட தின்தோ தெ வெரானோவைத்தான் கோடையில் ஊர்க்காரர்கள் குடிக்கிறார்கள், விலையும் குறைவு. சங்க்ரியா பெரும்பாலும் பயணிகளின் மேசைக்கே போகிறது. பீரில் எலுமிச்சை சோடாவோ இனிப்பு சோடாவோ கலந்தால் கிளாரா. இவை இரண்டுக்கும் "கோன் லிமோன்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் எந்த சோடா என்ற கேள்வி வராது. தனி ஒயின் என்றால் பகுதியின் பெயரே போதும்: உன் ரியோஹா, உன் ரிபேரா. வெள்ளை ஒயினுக்குத் திராட்சை வகையின் பெயர்: உன் வெர்தேஹோ.

காபிதான் நம் ஆள்களுக்கு முக்கியம். காஃபே கோன் லெச்செ பாதிக்குப் பாதி பால். கோர்தாதோ சின்னக் கண்ணாடியில் திக்கான காபி, மேலே கொஞ்சம் பால். சோலோ பால் இல்லாதது. இதில் எதிர்க்கேள்வி பாலின் சூட்டைப் பற்றித்தான். "லெச்செ தெம்ப்ளாதா" என்றால் வெதுவெதுப்பு, "முய் கலியெந்தெ" என்றால் நன்றாகச் சூடாக. நமக்கு வாய் பொத்துப்போகிற சூடு பழக்கம், அவர்கள் தானாகக் கொடுக்கும் சூடு பலருக்குப் போதாது. ஆகவே முய் கலியெந்தெ என்பதை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு "சின் லக்தோசா" பால் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும்.

வலென்சியா, அலிகாந்தே பக்கம் பிரபலமான காஃபே பொம்போனை இனிப்புப் பிரியர்கள் விடக் கூடாது. சின்னக் கண்ணாடியில் அடியில் வெள்ளையாகக் கன்டென்ஸ்டு மில்க், மேலே கறுப்பாக எஸ்பிரெஸோ, நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும். கலக்கிக் குடிக்க வேண்டும். கோடையில் "காஃபே கோன் யேலோ" கேட்டால் சூடான காபி ஒரு கோப்பையிலும் ஐஸ்கட்டி வேறொரு கண்ணாடியிலும் தனித்தனியாக வரும். மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சர்க்கரையைச் சூடான காபியில் கரைத்துக்கொண்டு, அப்புறம் ஐஸின் மேல் நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

மாலகா மட்டும் தனி உலகம். பாலும் காபியும் எந்த விகிதத்தில் என்பதற்கு அங்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு. அங்கிருந்த காஃபே சென்த்ரால் என்ற பழைய கடையில் 1950களில் உருவான பழக்கம் இது. கடையின் சுவரில் ஓடுகளில் ஒவ்வொரு கண்ணாடியையும் படமாகவே வரைந்து வைத்திருந்தார்கள். 2022-இல் அந்தக் கடை மூடப்பட்டுவிட்டது, பெயர்கள் ஊர் முழுக்க நிலைத்துவிட்டன. மிதாத் என்றால் சரிபாதி. சோம்ப்ரா என்றால் காபி குறைவு, பால் அதிகம். நூபெ என்றால் பாலில் காபியின் சாயல் மட்டும். மாலகாவுக்குப் போகிறவர் இந்த மூன்றையும் படித்துவிட்டுப் போனால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிராது.

மது தொடாதவர்களுக்கு

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயண நூல்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஸ்பெயினில் மதுவில்லாத பீர் மிகச் சாதாரணம். "உனா சின்" என்றாலே புரிந்துகொள்வார்கள், "சின்" என்றால் இல்லாமல் என்று பொருள். ஆனால் சட்டப்படி "சின் அல்கோல்" பீரில் 1 சதவீதம் வரை மது இருக்கலாம். மதக் காரணத்துக்காகவோ மருந்து சாப்பிடுவதாலோ அதுவும் கூடாது என்பவர்கள் "செரோ செரோ" என்று கேட்க வேண்டும்.

மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு ஒயின் கண்ணாடியில், ஐஸும் பழத்துண்டும் போட்டு வரும். மற்றவர்கள் ஒயின் குடிக்கும்போது கூட உட்கார்ந்து குடிக்க இதைவிடப் பொருத்தமானது கிடையாது. சூமோ தெ நரான்ஹா நதுரால் என்றால் கண்ணெதிரே பிழிந்து தரும் ஆரஞ்சுச் சாறு. "நதுரால்" என்ற சொல்லை விட்டுவிட்டால் சில கடைகளில் பாட்டில் சாறு வந்துவிடும். வலென்சியாவிலும் அதை ஒட்டிய அல்போராயாவிலும் ஓர்ச்சாத்தா உண்டு. சூஃபா என்ற சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த வெள்ளைப் பானம். நம் வயலில் களையாக முளைக்கும் கோரைக்குச் சொந்தக்காரச் செடியின் கிழங்கு அது. பால் துளியும் இல்லாதது. இதிலும் எதிர்க்கேள்வி உண்டு: லீகிதாவா, க்ரனிசாதாவா? அதாவது திரவமாகவா, பாதி உறைந்த பனித்தூளாகவா? வெயிலில் நடந்து வந்திருந்தால் க்ரனிசாதா.

பெயரால் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மன்சனீயா என்றால் சாமந்தி போன்ற சிறுபூவைப் போட்ட மூலிகைத் தேநீர், வயிற்றுக்கு நல்லது. ஆனால் சான்லூகார் தெ பர்ரமேதா ஊரில் செய்யும், ஏறக்குறைய 15 சதவீத மதுவுள்ள ஒயினுக்கும் அதே பெயர். செவீயா பக்கம் மதிய நேரத்தில் "உனா மன்சனீயா" என்றால் எது வரும் என்று சொல்ல முடியாது. தேநீர் வேண்டுமானால் "உனா இன்ஃபுசியோன் தெ மன்சனீயா" என்று முழுசாகச் சொல்லுங்கள். நம் ஊர் டீயை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பையும் வெந்நீரும்தான் கிடைக்கும்.

தண்ணீருக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டின் கழிவுச் சட்டப்படி உணவகங்களும் பார்களும் கேட்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். "ஆகுவா தெல் க்ரிஃபோ" என்று கேட்டால் போதும். மாட்ரிட்டில் அது நன்றாகவே இருக்கும். பார்சிலோனா, வலென்சியா போன்ற கடற்கரை நகரங்களில் சுவை கொஞ்சம் உப்பாக, கனமாக இருக்கும், பாட்டில் வாங்கிவிடலாம். பாட்டில் என்றால் "சின் காஸ்", அதாவது வாயு சேர்க்காதது. குளிர்ச்சி ஆகாத பெரியவர்கள் கூட இருந்தால் "தெல் தியெம்போ" என்று சேர்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்காதது கிடைக்கும். கோடையில் இந்தச் சொல் தெரியாமல் பல பேர் தொண்டை கட்டித் திரும்புகிறார்கள்.

நின்றுகொண்டா, உட்கார்ந்தா?

எங்கே வைத்துக் கேட்பது என்பதும் ஒரு தேர்வுதான். கவுன்டருக்குப் பார்ரா என்று பெயர், வெளியே போட்ட மேசைகளுக்குத் தெர்ராசா. வெளியே உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும். பட்டியலில் அதைப் போட்டிருப்பார்கள். புதிதாகப் போகிறவருக்கு நான் பார்ராவைத்தான் சொல்வேன். விலைக்காக மட்டும் இல்லை. அங்கே பீர்க் குழாய், காபி மெஷின், கண்ணாடிகள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. சொன்ன பெயர் புரியாவிட்டால் அவர் ஒரு கண்ணாடியைத் தூக்கிக் காட்டுவார், நாம் தலையாட்டிவிடலாம். பெயரும் விரலும் சேர்ந்து வேலை செய்யும் இடம் அது. செவீயாவில் 1670-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் எல் ரின்கொன்சீயோவில் இன்றும் நம் கணக்கைக் கவுன்டர் மரப்பலகையிலேயே சாக்கட்டியால் எழுதுகிறார்கள். குடிக்கக் குடிக்க எண்கள் நம் முன்னாலேயே ஏறும். மொழி தெரியாமல் கணக்கில் குழம்ப வாய்ப்பே இல்லை.

பணம் பெரும்பாலும் கடைசியில்தான். மேசையில் "லா குவேன்தா, போர் ஃபவோர்". பார்ராவில் "மெ கோப்ராஸ்?" என்றால் போதும். டிப்ஸ் கட்டாயம் இல்லை, சில்லறையை விட்டுவிட்டு வந்தால் சந்தோஷப்படுவார்கள்.

கிரனாடா, அல்மெரியா, லெயோன் போன்ற ஊர்களில் பானத்தோடு ஒரு தப்பா, அதாவது சின்னத் தட்டில் தின்பண்டம், இலவசமாக வரும். சைவர்கள் இதைப் பானம் கேட்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும், தட்டு வந்த பிறகு சொல்வது இருவருக்கும் சங்கடம். "சோய் வெஹெதரியானோ", பெண்ணானால் "வெஹெதரியானா". அது மட்டும் போதாது. பன்றித் தொடையை உலர்த்திச் சீவிய ஹமோனையும் சூரை மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "சின் கார்னெ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

கடல் தாண்டினால்

ஸ்பெயினுக்காகப் படித்ததை அப்படியே மெக்சிகோவுக்கோ கொலம்பியாவுக்கோ தூக்கிக்கொண்டு போக முடியாது. பெயர்தான் முதலில் என்ற வழி அங்கேயும் செல்லும், பெயர்கள்தான் வேறு. "மெ போனெ" அங்கே புழக்கத்தில் இல்லை. "மெ தா", அதாவது கொடுங்கள், என்று சொல்லுங்கள், எங்கும் செல்லும். கொலம்பியாவில் "மெ ரெகாலா" என்பார்கள். பரிசாகக் கேட்பது போல ஒலித்தாலும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஸ்பெயினில் சிவப்பு ஒயினான தின்தோ, கொலம்பியாவில் பால் சேர்க்காத காபி. மது வேண்டாதவர்கள் அங்கே தைரியமாகத் தின்தோ கேட்கலாம். நம் வெல்லத்தைப் போன்ற பனேலாவைக் கரைத்த ஆகுவாபனேலாவும் கிடைக்கும்.

மெக்சிகோவில் மதுவில்லாத பானங்களுக்குக் குறைவே இல்லை. ஆகுவா ஃப்ரெஸ்கா என்ற பெயரில் பெரிய கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக வைத்திருப்பார்கள்: புளிச்சகீரைக்கு உறவான செம்பருத்தி வகையின் சிவப்பு ஹமாய்க்கா, புளியைக் கரைத்த தமரிந்தோ, அரிசியும் பட்டையும் அரைத்த ஓர்ச்சாத்தா. வலென்சியாவில் குடித்த ஓர்ச்சாத்தாவை மனதில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், இது முற்றிலும் வேறு. தெருக்கடையில் தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் "சின் யேலோ" என்று ஐஸைத் தவிர்க்கலாம். ஆனால் ஆகுவா ஃப்ரெஸ்காவே தண்ணீரில் கலந்ததுதான், ஆகவே கூட்டம் மொய்க்கும் கடையாகப் பார்த்து வாங்குவதுதான் சரி. டிப்ஸ் விஷயத்திலும் ஸ்பெயின் பழக்கம் அங்கே செல்லாது: மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10 முதல் 15 சதவீதம் வைப்பது வழக்கம். பெரூவுக்குப் போகிறவர்கள் சீச்சா என்று மொட்டையாகக் கேட்காமல் "சீச்சா மொராதா" என்று கேட்க வேண்டும். ஊதாச் சோளத்தை வேகவைத்துப் பழத்தோலும் பட்டையும் சேர்த்த அது குழந்தைகளுக்கும் கொடுக்கும் பானம். சீச்சா தெ ஹோரா என்பது புளிக்கவைத்தது.